இரும்புக் கடைக்குப் போகவிருந்த என்லார்ஜர்



எங்கள் ஊரில் பல வருஷமாக நடந்துவந்த ஒரு போட்டோ ஸ்டுடியோவைப் போன மாதம் மூடினார்கள். கேமராக்கள் உடனே விலைபோயின. மூலையில் சாக்கு போர்த்தி நின்ற, நெகட்டிவைப் பெரிய படமாக்கும் என்லார்ஜரை மட்டும் யாரும் சீந்தவில்லை. பழைய இரும்புக் கடைக்காரர் எடை போடத் தயாராக நின்றார். அவர் சொன்ன விலைக்கு மேல் கொஞ்சம் கொடுத்து, அதை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

"இதை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். உங்களுக்கும் அது தோன்றும்.

பதில் உங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது. பத்திரங்களுக்கும் ஜாதகங்களுக்கும் அடியில் ஒரு பழுப்பு கவர் கிடக்கிறதா, பாருங்கள். அதற்குள் நெகட்டிவ் துண்டுகள் இருக்கும். கல்யாணம், காதுகுத்து, புது வீட்டுக்குப் பால் காய்ச்சியது எல்லாம் அதில் அடங்கியிருக்கும். பிரிண்டுகளை உறவுக்காரர்கள் ஆளுக்கொன்றாக எடுத்துப் போயிருப்பார்கள். மிச்சத்தைக் கரையான் தின்றிருக்கும். யாரும் கேட்காததாலேயே நெகட்டிவ் தப்பித்திருக்கிறது.

அவற்றில் சில நம் ஊட்டியிலேயே தயாரானவையாகவும் இருக்கலாம். 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிமும் புரோமைட் பேப்பரும் நாடெங்கும் அனுப்பியது. அந்தத் தொழிற்சாலை இன்று இயங்கவில்லை. அதன் பிலிமில் பதிந்த முகங்கள் நம் வீடுகளில் இருக்கின்றன.

என்லார்ஜர் ஒன்றும் புரியாத இயந்திரம் இல்லை. மேலே ஒரு பல்ப். அதன் வெளிச்சத்தைச் சீராகப் பரப்ப கண்டென்சர் என்ற கனமான கண்ணாடிகள். அடுத்து நெகட்டிவைச் செருகும் தட்டு, மடிப்பு மடிப்பாக பெல்லோஸ், கடைசியில் லென்ஸ். இவ்வளவையும் ஒரு தூண் தாங்குகிறது. தலையை மேலே ஏற்றினால் கீழே பலகையில் விழும் படம் பெரிதாகும், இறக்கினால் சிறிதாகும். சாக்கை உருவிப் பார்த்தபோது எனக்குத் தைரியம் வந்தது. இதில் சரிசெய்ய முடியாதது என்ன இருக்கிறது?

ஆனால், பிளக்கைச் செருகவில்லை. முதலில் அதன் உடம்பில் இருந்த தகட்டைத் துடைத்துப் படித்தேன். 115 வோல்ட், 60 சைக்கிள் என்று இருந்தது. அமெரிக்காவில் விற்ற சரக்கு.

வெளிநாட்டிலிருந்து உறவினர் ஆசையாகக் கொண்டுவந்த மிக்ஸி, இங்கே சுவிட்சைப் போட்டதும் புகைந்த கதை எத்தனை வீடுகளில் உண்டு! அங்கே சுமார் 120 வோல்ட், இங்கே 230. அந்த ஊர் பல்பை நம் பிளக்பாயிண்டில் நேராகக் கொடுத்தால் ஒரு மின்னல் மின்னிப் போய்விடும். பழைய சாமான் வாங்கும் எவரும் முதலில் தேட வேண்டியது இந்தத் தகட்டைத்தான்.

'ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிவிடுங்கள்' என்றார்கள் நண்பர்கள். வாங்கலாம். 150 வாட் பல்புக்கு 250 அல்லது 300 வி.ஏ. அளவில் வாங்கினால் சூடேறாமல் ஓடும். சென்னை ரிச்சி தெருவில் தேடலாம். டிரான்ஸ்ஃபார்மர் காயில் சுற்றித் தருபவர் உங்கள் ஊரில் இருந்தால் அவரையும் கேட்கலாம். 12 வோல்ட் ஹாலஜன் பல்ப் உள்ள என்லார்ஜர் என்றால் அதற்குரிய டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் வேலையே நடக்காது.

என்னுடையது வெறும் பல்பும் ஹோல்டரும்தான். அதனால் வேறு வழியில் போனேன். பழைய ஒயர், ஹோல்டர், சுவிட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, 230 வோல்ட்டுக்கு உரியவற்றைப் போட்டேன். டிரான்ஸ்ஃபார்மர் செலவு மிச்சம். ஒயரை எப்படியும் மாற்றத்தான் வேண்டியிருந்தது. மேலே சுற்றியிருந்த ரப்பர், கை பட்டதும் அப்பளம்போல் நொறுங்கியது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த என்லார்ஜரில் இருந்தது இரண்டு பின் பிளக். எர்த் கிடையாது. டார்க் ரூம் என்றால் இருட்டு, ஈரக் கை, இரும்பு உடம்பு. கிரைண்டரைத் தொட்டதும் 'சுர்' என்று இழுத்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். மூன்று கோர் ஒயர், மூன்று பின் பிளக், பச்சை ஒயரை உடம்பின் இரும்பில் பெயின்டைச் சுரண்டி இறுக்கமாக முடுக்குவது: இவை முதலில் நடக்க வேண்டும். அந்த லைனில், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருப்பது இன்னும் நல்லது. ஒயர் வேலை பழக்கமில்லையா? வீட்டுக்கு வரும் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அவருக்கு இது ஒரு மேஜை விளக்கு மாதிரிதான்.

பல்ப் விஷயத்திலும் கவனம் வேண்டும். பால்போல் வெள்ளையாக, நெற்றியில் கம்பெனிப் பெயர் அச்சடிக்காததாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த எழுத்தின் நிழல் போட்டோவில் விழக்கூடும். எல்.இ.டி. போடலாமா? போடலாம். ஆனால் சில எல்.இ.டி. பல்புகள் சுவிட்சை அணைத்த பிறகும் லேசாக மினுங்கும். அந்த மினுக்கமே பேப்பரைக் கறுக்க வைத்துவிடும். கண்ணை இருட்டுக்குப் பழக்கிவிட்டுச் சோதித்துப் பாருங்கள்.

கூடவே கிடைத்த கடிகார டைமருக்கு நான் வேலை கொடுக்கவில்லை. டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் அது வோல்டேஜைத்தான் குறைக்கும்; சைக்கிளை மாற்றாது. கரண்டின் சைக்கிளோடு ஒத்து ஓடும் அந்த மோட்டார், நம் 50 சைக்கிளில் மெதுவாகத்தான் சுற்றும். 60 விநாடி என்று முள் வைத்தால் 72 விநாடி எடுத்துக்கொள்ளும்.

முதல் நாள் மாலை இன்னொரு பாடம். ஒரே நெகட்டிவ், ஒரே நேரம். ஒரு பிரிண்ட் சரியாக வந்தது, அடுத்தது வெளுத்துப் போனது. காரணம், பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டார் போட்டிருந்தார்கள். குண்டு பல்பில் வோல்டேஜ் 10 சதவீதம் இறங்கினால் வெளிச்சம் கிட்டத்தட்ட 30 சதவீதம் இறங்கிவிடும். ஸ்டெபிலைசர் வைக்கலாம். நான் ஊர் அடங்கும் வரை காத்திருந்தேன்.

மற்றவை பொறுமை கேட்கும் வேலைகள். இருட்டில் பெல்லோஸுக்குள் டார்ச் அடித்தால் ஓட்டைகள் நட்சத்திரமாகத் தெரியும். கறுப்புத் துணி டேப் போதும். தலையும் பலகையும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று கொத்தனாரின் ரசமட்டத்தால் பார்த்தேன். தூணுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கை மட்டும் தெரியாமல் அவிழ்க்காதீர்கள், கையைக் கிழித்துவிடும். லென்ஸில் பூஞ்சை இருந்தால் அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள். வாங்கும்போது நெகட்டிவ் அளவையும் பாருங்கள். 35 எம்.எம். பிலிமுக்கு 50 எம்.எம். லென்ஸ், பழைய 6-க்கு 6 சென்டிமீட்டர் நெகட்டிவுக்கு 75 அல்லது 80 தேவை.

இவ்வளவு சிரமம் எதற்கு, ஸ்கேன் செய்தால் போதாதா? ஸ்கேனும் செய்யுங்கள், நல்லதுதான். ஆனால் போன் மாறும்போதெல்லாம் எத்தனை படங்களைத் தொலைத்திருக்கிறோம்! கையில் பிடிக்கும் பிரிண்டுக்கு பாஸ்வேர்டு வேண்டாம். ஹைப்போ ரசாயனம் போகும்வரை நன்றாகக் கழுவிய கறுப்பு வெள்ளை பிரிண்ட், பல தலைமுறைக்கு நிற்கும்.

நான் முதலில் பெரிதாக்கியது பாட்டி வீட்டு முற்றத்தில் எடுத்த படம். ஆல்பத்தில் அது தீப்பெட்டி அளவுதான். எட்டுக்குப் பத்து பேப்பரை டெவலப்பரில் போட்டுச் சிவப்பு விளக்கில் ஆட்டிக்கொண்டிருந்தேன். முதலில் தூண்கள் வந்தன, பிறகு பாட்டியின் புடவைக் கரை. அவர் பக்கத்தில் ஒரு பித்தளைக் குடம். அதன் கழுத்தில் வெட்டியிருந்த பெயரைப் படிக்க முடிந்தது. பாட்டியின் அம்மா பெயர். ஆல்பத்தில் எத்தனையோ முறை பார்த்தும் எங்களில் யார் கண்ணிலும் அது பட்டதில்லை.

அந்தக் குடம் இன்றும் எங்கள் பரணில் இருக்கிறது. ஒடுக்கெடுத்து, ஈயம் பூசி, மூன்று தலைமுறை கைமாறிய குடம். ஓட்டை விழுந்தால் பற்றவைத்தார்களே ஒழிய, எறியவில்லை. அம்மி தேய்ந்தால் கொத்தினார்கள், குடைக்குக் கம்பி மாற்றினார்கள். நம் வீடுகளுக்குத் தெரியாத பழக்கமா இது?

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறந்து அந்தப் பழுப்பு கவரை எடுங்கள். நெகட்டிவை ஓரத்தில் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் வீட்டுப் பெரியவர்களிடம் காட்டி, யார் யார் என்று கேட்டு கவர் மேல் எழுதிவையுங்கள். உங்கள் ஊரில் மூடும் ஸ்டுடியோவில் என்லார்ஜர் கிடந்தால், எடை போடுவதற்கு முன் ஒரு நடை போய்ப் பாருங்கள். வாங்கி வந்தால், பச்சை ஒயரை மறந்துவிடாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்