இறக்கத்தில் கிடைக்கும் மின்சாரம்



மலைமேல் இருக்கும் கம்போங் ராஜாவிலிருந்து அடிவாரத்துச் சிம்பாங் பூலாய்க்கு இறங்கும் சாலையில் போனவர்களுக்கு அந்த வாடை தெரியும். கோசும் தக்காளியும் ஏற்றிய லோரி முன்னால் போகும். வளைவுக்கு வளைவு பிரேக் பிடிப்பதில் கருகல் வாடை நம் காருக்குள் வந்துவிடும். போன மாதம் ஈப்போ போகும்போது அப்படி ஒரு லோரிக்குப் பின்னாலேயே பாதி மலை இறங்கினேன். ஓரிடத்தில் ஓட்டுநர் லோரியை ஒதுக்கி நிறுத்திச் சக்கரங்களை ஆறவிட்டார். நானும் நிறுத்திவிட்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து டன் எடை ஆயிரம் மீட்டர் கீழே இறங்கினால் அதில் கிடைக்கக்கூடிய ஆற்றல் ஏறக்குறைய 27 யூனிட் மின்சாரம். ஒரு வீட்டுக்கு இரண்டு மூன்று நாளைக்குப் போதும். லோரியில் அது பிரேக்கிலும் இன்ஜினிலும் சூடாகிக் காற்றோடு போய்விடுகிறது.

இதே மலையில் தண்ணீரும் இறங்குகிறது. நம் கம்போங் ராஜாவிலேயே ஒரு சிறிய நீர்மின் நிலையம் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பெரிய அளவிலும் இது நடக்கிறது: தெலோம் ஆற்று நீரைச் சுரங்கப்பாதை வழியாகப் பெர்த்தாம் ஆற்றுப் பக்கம் திருப்பி, ரிங்லெட் ஏரியில் தேக்கி, அங்கிருந்து பேராக் பக்கம் ஜோர் நிலையத்துக்கு விழ வைக்கிறார்கள். 1963ல் ஓடத் தொடங்கிய ஜோர் நிலையத்தின் திறன் 100 மெகாவாட். அதே மலை, அதே இறக்கம். தண்ணீர் இறங்கினால் விளக்கு எரிகிறது. லோரி இறங்கினால் பிரேக் எரிகிறது.

ஈப்போவில் இ.டி.எஸ். மின்ரயிலில் ஏறி உட்கார்ந்தபோதும் இந்த நினைப்பு விடவில்லை. மலைமேல் தண்டவாளமே கிடையாது, ஆசிரியர் ஏன் ரயிலைப் பற்றி எழுதுகிறார் என்று கேட்பீர்கள். லோரியால் முடியாததை ரயில் செய்கிறது என்பதால்தான் எழுதுகிறேன்.

ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கியது 2010 ஆகஸ்டில். தலைக்கு மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட் மாறுமின்சாரம். ரயில் கிளம்பும்போது அந்தக் கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து மோட்டாரைச் சுழற்றுகிறது. இந்தக் காலத்து மின்ரயில்களில் நிற்கும்போது நடப்பதுதான் அழகு. ஓட்டுநர் பிரேக் போட்டதும் அதே மோட்டார் மின்னாக்கியாக மாறிவிடுகிறது. சக்கரம் மோட்டாரைச் சுழற்றுகிறது, மோட்டார் மின்சாரத்தைக் கம்பிக்கே திருப்பி அனுப்புகிறது, அந்த இழுவையில் வண்டியின் வேகம் குறைகிறது. பிரேக் கட்டைக்குக் கடைசியில் கொஞ்சம் வேலைதான் மிச்சம். 300 டன் எடையுள்ள ஒரு ரயில் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓட்டத்தில் இருப்பது ஏறக்குறைய 63 யூனிட். காற்றும் மோட்டாரும் மின்மாற்றியும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சம் கம்பிக்குத் திரும்பும். ஒரு தடவை நிற்பதற்கு இவ்வளவு என்றால், கம்பார், தாப்பா ரோடு, தஞ்சோங் மாலிம் என்று நின்று நின்று போகும் பாதையில் நாள் முழுக்க எவ்வளவு!

ஆனால் திருப்பித் தரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும். இதை நான் படித்துத் தெரிந்துகொண்டது சமீபத்தில்தான். மாறுமின்சாரப் பாதையில் கவலையில்லை. பக்கத்தில் ஓடும் இன்னொரு ரயில் வாங்கிக்கொள்ளும், இல்லாவிட்டால் மின்மாற்றி வழியாக நாட்டின் மின்கட்டமைப்புக்கே போய்விடலாம். ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கின் எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி. போன்ற நகர ரயில்கள் ஓடுவது 750 வோல்ட் நேர்மின்சாரத்தில். இந்த வகைப் பாதைகளில் வழக்கமான துணைமின் நிலையம் ஒருவழிக் கதவு மாதிரி. மின்சாரத்தைத் தரும், வாங்காது. ஒரு ரயில் நிற்கும் அதே நொடியில் பக்கத்தில் இன்னொரு ரயில் கிளம்பினால் அது வாங்கிக்கொள்ளும். கிளம்ப ரயில் இல்லையென்றால், சமைத்து இலை போட்டும் பந்திக்கு ஆள் வராத வீடு மாதிரிதான். மின்சாரம் மின்தடையத்தில் சூடாகி வீணாகும். அதனால்தான் உலகத்தில் பல நகரங்களில் ஒரு ரயில் வந்து நிற்பதையும் இன்னொன்று கிளம்புவதையும் ஒன்றாகப் பொருத்தி நேர அட்டவணை போடப் பார்க்கிறார்கள். இரண்டு பக்கமும் திறக்கும் துணைமின் நிலையங்களும், மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் மின்கலங்களும் வந்துகொண்டிருக்கின்றன. எனக்கு என்னவோ அட்டவணைதான் பிடித்திருக்கிறது. பெரிய செலவில்லாமல், யோசனையால் மட்டுமே நடக்கிற சிக்கனம் அது.

இந்தியாவின் பக்கமும் பார்க்கலாம். சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931லேயே மின்ரயில் ஓடியது. பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை கட்டிய வந்தே பாரத் ரயிலுக்கு இந்தத் திருப்பித் தரும் பிரேக் உண்டு. டெல்லி மெட்ரோ இதே பிரேக்கால் மிச்சமாகும் மின்சாரத்துக்காக 2007ல் ஐ.நா.வின் கார்பன் திட்டத்தில் பதிவாயிற்று; உலகில் அப்படிப் பதிவான முதல் ரயில் திட்டம் அதுதான். இன்னொரு மாற்றமும் எனக்குப் பிடித்தது. சதாப்தி மாதிரி ரயில்களில் விளக்குக்கும் குளிர்சாதனத்துக்கும் டீசல் ஜெனரேட்டர் வைத்த இரண்டு பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். மேலே மின்கம்பி, உள்ளே டீசல் புகை. இப்போது இன்ஜின் வழியாகவே கம்பி மின்சாரத்தைப் பெட்டிகளுக்குக் கொடுக்கிறார்கள்.

கருவி எல்லாம் இருந்தாலும் கடைசியில் ஓட்டுநரின் கை இருக்கிறது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. வேகம் பிடித்த பிறகு கையை எடுத்துவிட்டால், அதாவது மின்சாரம் வாங்குவதை நிறுத்திவிட்டால், வண்டி கிலோமீட்டர் கணக்கில் தானே உருளும். ஸ்டேசன் நெருங்கும்வரை மின்சாரம் வாங்கிக்கொண்டே போய் அங்கே பிரேக் போடுவதைவிட, முன்கூட்டியே கையை எடுத்துவிடுவதே சிக்கனம். திருப்பித் தருவதில் கொஞ்சமாவது கழியும். செலவே செய்யாததில் ஒன்றும் கழியாது. ஆனால் உருளவிட நேரம் வேண்டும். அட்டவணையில் ஒன்றிரண்டு நிமிடம் தாராளம் இருந்தால்தான் ஓட்டுநருக்கு அந்தத் துணிச்சல் வரும். நான் இரண்டு நிமிடம் பிந்திப் போய்ச் சேரத் தயார். நீங்களும் தயாராக இருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மலாயாவின் முதல் ரயில் 1885ல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. அதன் பிறகு இந்நாட்டுத் தண்டவாளங்களில் நம்மவர் வியர்வை கலக்காத மைல் குறைவு. என் சின்னத் தாத்தா நீராவி இன்ஜினில் கரி அள்ளிப்போட்டவர். பத்து ஆராங் சுரங்கத்துக் கரி. நீராவி இன்ஜினில் நூறு மண்வெட்டி கரி போட்டால் வண்டியை இழுக்க உதவியது பத்து மண்வெட்டிக்கும் குறைவு. மிச்சமெல்லாம் புகைபோக்கி வழியாகவும் கொதிகலன் வழியாகவும் போய்விடும். அந்த மிச்சத்துக்காகவும் அவருடைய முதுகு வளைந்ததே என்பதுதான் என் வருத்தம். பத்து ஆராங் சுரங்கம் 1960ல் மூடப்பட்டது. ஆனால் கரி நம்மை விட்டுப் போகவில்லை. இந்த நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும்தான் வருகிறது. பேராக்கில் மஞ்சோங் கடற்கரை மின்நிலையத்தில் கப்பல் கப்பலாகக் கரி இறங்குகிறது. மின்ரயில் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு யூனிட்டும் அங்கே எரியாமல் போகும் கரியாகலாம்.

இந்த இதழ் வாசகர்களில் ரயில்வேக் குடும்பங்கள் நிறைய உண்டு. செந்தூல் பட்டறையில் வேலை பார்த்தவர்கள், பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் பிறந்தவர்கள், இன்று கொமுட்டரும் இ.டி.எஸ்.ஸும் ஓட்டுகிறவர்கள். உங்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. எந்த ஸ்டேசனுக்கு, எந்த அடையாளத்தைப் பார்த்து, எவ்வளவு தூரம் முன்னால் கையை எடுப்பீர்கள்? அல்லது உங்கள் அப்பா எடுப்பார்? ஒரு பாலமா, ஒரு பனைமரமா, ஒரு கோயில் கோபுரமா? எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இந்தப் பக்கத்தை உங்களுக்கே விட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்