யூத ரகசியமாம்!

நேற்றும் வாட்ஸ்அப்பில் வந்தது. யூதர்கள் பணக்காரர்களாகவும் மேதைகளாகவும் இருப்பதன் ரகசியம்! கர்ப்பிணிகள் கணக்குப் போடுவார்களாம், பாலும் பாதாமும் சாப்பிடுவார்களாம். இத்தோடு இது நான்காவது முறை. அனுப்பியவர் என்னோடு வேலை பார்த்தவர், நல்ல மனிதர். அவரிடம் சண்டை போட மனமில்லை. அதனால் இங்கே போடுகிறேன்.

முதலில், இது புகழ்ச்சியே இல்லை. யூதன் என்றால் பணம், தந்திரம் என்ற இந்தப் பேச்சைத்தான் நாஜிகளும் பேசினார்கள். லெவினாஸ் என்ற பிரெஞ்சு தத்துவ ஆசிரியரின் பெற்றோரையும் தம்பிகள் இருவரையும் லித்துவேனியாவில் கொன்றார்கள். அவர் உயிர் தப்பியது பிரெஞ்சு ராணுவத்தில் போர்க்கைதியாகப் பிடிபட்டதால். பிறகு பாரிசில் ஒரு யூதப் பள்ளிக்குத் தலைமையேற்று, சனிக்கிழமை காலைகளில் ராஷியின் உரையைப் பாடம் நடத்தினார்.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். தமிழில் சங்கப்பாட்டு தெரியாமல் போனது நஷ்டம். இவர்களையெல்லாம் நேரடியாகப் படிக்க முடிந்தது லாபம். ராஷி 11ஆம் நூற்றாண்டில் பிரான்சின் த்ருவா ஊரில் வாழ்ந்த உரையாசிரியர். கடினமான சொல் வந்தால் அன்றைய பிரெஞ்சுச் சொல்லை எபிரேய எழுத்தில் எழுதிக் காட்டிவிடுவார். தால்மூத் அச்சில் மூலத்துக்குப் பக்கத்திலேயே அவர் உரை இருக்கும்.

அங்கே ரகசியம் எதையும் நான் பார்க்கவில்லை. மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டு, யாராவது விழுந்தால் பழி உன் மேல் என்று இருக்கிறது. எடைக்கல் சரியாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது. கக்கூசுக்குப் போய்விட்டு வந்து சொல்ல ஒரு பிரார்த்தனை இருக்கிறது, உடம்பின் துவாரங்கள் ஒழுங்காகத் திறந்து மூடுவதற்கு நன்றி சொல்லி. சிரிக்காதீர்கள். எழுபது வயதுக்கு மேல், இரவில் மூன்று முறை எழுந்திருக்கும்போது அதன் பொருள் விளங்கும்.

செத்த பிறகு மனிதனிடம் முதலில் என்ன கேட்பார்கள்? ராவா என்ற தால்மூத் ஆசிரியர் சொல்வது: கொடுக்கல் வாங்கலில் நேர்மையாக இருந்தாயா? பக்தியைப் பற்றிய கேள்வி முதலில் இல்லை. வாழ்க்கைக்கு அர்த்தம் தேடி மூன்று நாள் முகாமுக்குப் பணம் கட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

'இதெல்லாம் வெறும் விதிதானே, இதில் எங்கே ஆன்மீகம்?' என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், கூலி விஷயத்தைப் படிக்கும் வரை. கூலிக்காரன் ஏழை, அதையே நம்பியிருக்கிறான், பொழுது சாய்வதற்குள் கொடு என்கிறது தோரா. பின்னால் வந்த ஆசிரியர்கள் அதைக் கணக்காகவே பிரித்தார்கள்: பகலில் உழைத்தவனுக்கு மறுநாள் விடிவதற்குள், இரவில் உழைத்தவனுக்கு மறுநாள் பொழுது சாய்வதற்குள். அவன் ஏணியில் ஏறியதும் மரத்தில் தொங்கியதும் எதற்காக, இந்தக் கூலிக்காகத்தானே என்று கேட்கிறார்கள். அதைப் பிடித்து வைப்பது உயிரை எடுப்பதற்குச் சமம் என்கிறார்கள்.

நான் குமாஸ்தாவாக இருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை மாலை தினக்கூலி ஆட்களின் மஸ்டர் ரோல் என் மேசைக்கு வந்தது. ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தது. குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பிவிட்டேன். விதிப்படி சரிதான். கையெழுத்துப் போட வேண்டியவர் அடுத்த அறையில்தான் இருந்தார். எழுந்து பத்தடி நடந்திருந்தால் அன்றே பட்டுவாடா ஆகியிருக்கும். தாழ்வாரத்தில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் தாண்டித்தான் சைக்கிளை எடுக்கப் போனேன். ஒருவர் எழுந்து வணக்கம் வைத்தார்.

திங்கட்கிழமைதான் பணம் கிடைத்தது. யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. எனக்கும் உறுத்தவில்லை, ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பக்கத்தைப் படிக்கும் வரை. நல்ல யூதர்கள் எல்லோரும் இப்படியே நடக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. நம் ஊரில் குறள் படித்தவர்கள் எல்லோரும் குறள்படியா நடக்கிறோம்?

நண்பரே, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அந்த வெள்ளிக்கிழமை நீங்களும் பக்கத்து மேசையில்தான் இருந்தீர்கள். அடுத்த தடவை பாதாம் பருப்பை அனுப்பாதீர்கள்.