சதவீதம் சொல்லாத உண்மை

பரீட்சைப் பெறுபேறுகள் வெளியானதும் பாடசாலைகளைச் சதவீதத்தால் தரம்பிரிப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. பத்துப் பேர் தோற்றும் பாடசாலையில் ஒருவர் தவறினாலே சித்தி வீதம் 10 புள்ளிகள் குறைந்துவிடும் என்பதை நாம் மறந்துவிடுகின்றோம்.

திருகோணமலை நகரை அண்டிய அன்புவழிபுரம் போன்ற ஊர்களில், தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியெய்தும் பிள்ளைகளுக்கு நகரின் பெரிய பாடசாலைகள் அருகிலேயே உள்ளன. அவர்கள் அங்கு சென்றுவிட்டால், எஞ்சியோரின் பெறுபேறே ஊர்ப் பாடசாலையின் பெறுபேறாகின்றது.

கொட்டியாரக் குடாவின் மறுகரையில் நிலைமை வேறு. 2006இல் மூதூர், சம்பூர்ப் பகுதிகளில் தமிழரும் முஸ்லிம்களும் இடம்பெயர்ந்தபோது கல்வி குலைந்த சிறார் பலர் இன்று பெற்றோராகிவிட்டனர். அவர்தம் பிள்ளைகளையும் அதே அளவுகோலால் அளப்பது நியாயமன்று.

மாணவர் தொகையையும் பின்னணியையும் சேர்த்தே பெறுபேறுகள் நோக்கப்பட வேண்டும். சிறிய பாடசாலைகளைக் குறைகூறுமுன் அங்குள்ள ஆசிரியர் வெற்றிடங்களை நிரப்புவதே கல்வி அதிகாரிகளின் முதற்கடமையாகும்.