ஹாப்ஸ் கொடி வாங்கும் முன்

வீட்டுத் தோட்டத்தில் வளர்ப்பதற்கென இங்கிலாந்தின் நாற்றுப் பண்ணைகள் விற்கும் ஹாப்ஸ் கொடிகளை, அதாவது பியருக்குக் கசப்பும் மணமும் ஊட்டும் கூம்பு வடிவப் பூங்கொத்துகளுக்காகப் பயிரிடப்படும் பல்லாண்டுக் கொடிகளை, வாங்குவோர் பெரும்பாலும் இரகத்தின் புகழை மட்டுமே பார்ப்பது வருந்தத்தக்கது. இத்தாவரத்தில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. லுபுலின் எனப்படும் மஞ்சள் நிறப் பிசின் துகள்கள் செறிந்த கூம்புகள் பெண் கொடியில் மட்டுமே உருவாவதால், விதையிலிருந்து வளர்ப்பவருக்குப் பூக்கும் பருவம் வரை தம் கொடி எப்பாலினம் என்பது தெரிவதில்லை. பெண்ணாக அமைந்தாலும் அது தாய்க்கொடியின் மணத்தைப் பெற்றிருக்கும் என்ற உறுதியும் இல்லை. எனவேதான் மட்ட நிலத்தண்டு, அதாவது மண்ணுக்கடியில் படர்ந்து முளைவிடும் தண்டின் துண்டு, அல்லது பெண் கொடியின் தண்டிலிருந்து வேர்விடச் செய்த கன்று விலைக்கு வருகிறது. ஜெர்மனியின் ஹாலர்டாவ் பகுதியில், கூம்புகளில் விதை பிடிக்காதிருக்க ஆண் கொடிகளைத் தேடி அகற்றும் அளவுக்குக் கொடியின் பாலினம் முக்கியமாகக் கருதப்படுகிறது. பாலினத்துக்கு அடுத்தபடியாகக் கேட்கப்பட வேண்டியது உயரம்: ஃபகிள், கோல்டிங் ஆகிய பழம்பெரும் கென்ட் இரகங்கள் ஐந்து மீட்டருக்கு மேல் ஏறக்கூடியவை, அவற்றைச் சிறிய கொல்லையில் நடுவது கொடிக்கும் நியாயமன்று, அண்டை வீட்டாருக்கும் நியாயமன்று. கென்ட்டின் வை கல்லூரியில் உருவான ஃபர்ஸ்ட் கோல்ட் போன்ற குட்டை இரகங்களோ ஏறத்தாழ இரண்டரை மீட்டரில் நின்று, வேலியோரத்திலேயே கைக்கெட்டும் உயரத்தில் காய்ப்பவை. ஒருமுறை வேரூன்றினால் ஆண்டுக்கணக்கில் நிலைக்கும் இக்கொடியை வாங்குவோர், பெயர்ச்சீட்டில் இரகம், பெண் கொடி என்ற குறிப்பு, முழு உயரம் ஆகிய மூன்றும் இல்லாத கன்றை வாங்காதிருப்பதே நலம்.