தீவகத்தில் ஒரு விளையாட்டுக் கணினி

விளையாடுவதற்காகக் கணினி வாங்குவதா என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் நமது தீவகத்தில் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களோடு வாதிடுவது என் நோக்கமன்று. வாங்குவதென்று வீட்டில் முடிவாகிவிட்டால், பணத்தை எதில் போடுவது என்பதே கேள்வி. அந்தப் பணம் பல வீடுகளில் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ உழைக்கும் உறவினரின் பணம். அது வீணாகக்கூடாது.

இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை, கையிலுள்ள பணத்தில் பெரும்பங்கைக் கிராபிக்ஸ் கார்டில் போடச் சொல்கின்றன. மின்சாரம் தடையின்றி வரும் நகரங்களுக்கு அது பொருந்தும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியனவோ தேசிய மின்கட்டமைப்போடு இணைக்கப்படாமல், டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்த தீவுகள். சூரிய ஒளி, காற்று, மின்கலம் ஆகியவற்றை இணைத்து அங்கு மின்சாரம் வழங்கும் திட்டத்துக்கு 2021இல் சீன நிறுவனம் தெரிவாகி, இந்தியாவின் ஆட்சேபத்தால் அது நின்றது. இந்தியா வழங்கும் 1 கோடியே 10 இலட்சம் டொலர் நன்கொடையில் 2024 மார்ச்சில்தான் புதிய ஒப்பந்தம் கைச்சாத்தானது.

ஆகவே, தீவகத்து இளைஞன் முதலில் பணம் ஒதுக்கவேண்டியது பவர் சப்ளைக்கும் யூ.பி.எஸ்.ஸுக்கும் என்பதே என் கருத்து. மலிவான பவர் சப்ளை பழுதாகும்போது மதர்போர்டையும் கூடவே அழித்துவிடக்கூடும். 80 பிளஸ் முத்திரையை மட்டும் பார்த்து வாங்கவும் கூடாது. அது மின்சாரம் எவ்வளவு குறைவாக வீணாகிறது என்பதையே காட்டும், பாதுகாப்புக்கு உத்தரவாதமன்று. பெயர் பெற்ற நிறுவனத்தின் 550 வாட் பவர் சப்ளை, பின்னாளில் நடுத்தரக் கார்டொன்றைப் பொருத்தவும் போதுமானது.

அடுத்தது புரொசசர். 2021இல் வெளிவந்த ரைசன் 5 5600ஜி போன்றவற்றில் கிராபிக்ஸ் உள்ளேயே அமைந்திருக்கிறது. தனிக் கார்டு இல்லாமலே வலோரன்ட் போன்ற விளையாட்டுகளைக் குறைந்த அமைப்பில் விளையாடலாம். இத்தகைய கணினிக்கு 16 ஜி.பி. ராமை ஒரே துண்டாக வாங்காமல், 8 ஜி.பி. துண்டுகள் இரண்டாக வாங்கவேண்டும். உள்ளமைந்த கிராபிக்ஸ் ராமையே பயன்படுத்துவதால், இரு துண்டுகள் சேரும்போது வேகம் நன்கு கூடும். செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் தேவையால் 2025 இறுதியில் ராமின் விலை கடுமையாக ஏறியது. பரிசோதித்துப் பார்த்து, பாவித்த ராம் வாங்குவதில் தவறில்லை.

பாவித்த கிராபிக்ஸ் கார்டு வேறு கதை. 2022 செப்டெம்பரில் எதீரியம் நாணயம் தன் முறையை மாற்றியதும், அதுவரை இரவு பகலாக உழைத்த கார்டுகள் சந்தைக்கு வந்து குவிந்தன. ஓடவிட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்கக்கூடாது. யாழ்ப்பாணத்துக் கடையில் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க, நெடுந்தீவு இளைஞன் குறிகட்டுவானுக்கே சுமார் ஒரு மணி நேரம் கடலில் வரவேண்டும்; பிறகு பேருந்து.

மடிக்கணினிக்கு மின்கலம் உண்டே என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அதன் கிராபிக்ஸ் சில்லு பழுதானால் பெரும்பாலும் பலகையையே மாற்றவேண்டும். உப்புக்காற்று உலோகத்தை அரிக்கும் ஊரில், பகுதி பகுதியாக மாற்றக்கூடிய கணினியே சிக்கனமானது.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒன்று சொல்லவேண்டும். கனடாவில் மின்னழுத்தம் 120 வோல்ட், இலங்கையில் 230. அங்கே வாங்கிய யூ.பி.எஸ். இங்கே பயன்படாது. பழைய பவர் சப்ளை சிலவற்றின் பின்புறத்தில் 115, 230 என்று மாற்றும் ஆளி இருக்கும். அதை மாற்றாமல் இங்கே செருகினால் அந்தக் கணமே கருகிவிடும். புரொசசர், ராம், எஸ்.எஸ்.டி. போன்றவற்றை அனுப்பலாம். மின்சாரத்தோடு நேரடியாகத் தொடர்புள்ளவற்றை இங்கேயே வாங்கப் பணம் அனுப்புங்கள். அனுப்புமுன், எது வேண்டும் என்று மருமகனிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.