ஸ்கேனில் தென்படவில்லை என்றால்...



சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் மருத்துவமனைகளும் ஸ்கேன் மையங்களும் நெருங்கி நிற்பதை நீங்கள் அறிவீர்கள். சில மாதங்களுக்கு முன் அங்கே நானும் ஒரு ஸ்கேன் உறையைக் கையில் ஏந்தி நின்றேன். எங்கள் மதரஸா விடுதியில் தங்கி ஓதும் 15 வயது மாணவர் ஒருவருக்கு இரவில் தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி, சுப்ஹு நேரத்தில் வலப்பக்க அடிவயிற்றில் வந்து நிலைத்துவிட்டது. உணவைக் கண்டாலே குமட்டல். குடல்வால் அழற்சியாக இருக்கலாம் என்று ஐயுற்ற மருத்துவர், அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

செய்தியறிந்து இராசிபுரத்திலிருந்து ஓடிவந்த மாணவரின் தந்தை அறிக்கையைக் கண்டதும் பெருமூச்செறிந்தார். "ஒன்றுமில்லை என்று வந்துவிட்டதே ஹஜ்ரத், பிள்ளையை ஊருக்கு அழைத்துப் போகட்டுமா?" என்றார். நான் பி.ஏ. வரலாறு படித்தவன், மருத்துவம் அறியாதவன். ஆயினும் அந்த அறிக்கையின் ஆங்கிலம் எனக்குப் புரிந்தது. குடல்வால் நன்றாக இருக்கிறது என்று அதில் எழுதப்படவில்லை. குடல்வால் தென்படவில்லை என்றே எழுதப்பட்டிருந்தது.

இவ்விரண்டுக்கும் எவ்வளவு வேறுபாடு! அறியாமை என்பது, இல்லை என்பதற்கான அறிவு ஆகாது என்று எங்கள் தர்க்கப் பாடத்திலேயே கற்பிக்கிறோம். ஆனால் கவலையில் இருக்கும் தந்தைக்குத் தர்க்கம் எங்கே நினைவுக்கு வரும்?

குடல்வாலை ஸ்கேனில் காணும் முறையை 1986ஆம் ஆண்டு நெதர்லாந்து மருத்துவர் புய்லார்ட் விளக்கினார். ஸ்கேன் கருவியால் வயிற்றை மெல்ல மெல்ல அழுத்தினால் சாதாரணக் குடல் அமுங்கிக் கொடுக்கும். அழற்சியுற்ற குடல்வால் அமுங்காது, 6 மில்லிமீட்டருக்கு மேல் தடித்தும் நிற்கும். அழகிய முறைதான். எனினும் குடலில் வாயு மிகுந்திருந்தாலும், உடல் பருத்திருந்தாலும், குடல்வால் பெருங்குடலின் பின்னே மறைந்து கிடந்தாலும் அது கண்ணில் படாமல் போகலாம். ஸ்கேன் செய்பவரின் அனுபவமும் பெரிதும் கணக்கில் வரும்.

பல ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளிவந்த ஒரு மதிப்பீட்டைப் பாருங்கள். இந்நோய் உண்மையிலேயே உள்ள 100 குழந்தைகளில் 88 பேரையும், பெரியவர்களில் 83 பேரையும் அல்ட்ராசவுண்ட் கண்டுபிடித்தது. சி.டி. ஸ்கேன் இரு சாராரிலும் 94 பேரைக் கண்டுபிடித்தது. அப்படியானால் எல்லோருக்கும் சி.டி. எடுத்துவிடலாமே என்பீர்கள். அதில் கதிர்வீச்சு உண்டு. வயிற்றுக்கு எடுக்கும் ஒரு சி.டி.யின் கதிர்வீச்சு, நெஞ்சுக்கு எடுக்கும் எக்ஸ்ரேயைப் போல நூறு மடங்குக்குக் குறையாது. ஆகவேதான் சிறுவர்களுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் முதலில் அல்ட்ராசவுண்ட் எடுக்கிறார்கள். அதில் தெளிவு கிடைக்காத கர்ப்பிணிகளுக்கு, வசதியுள்ள இடங்களில் எம்.ஆர்.ஐ. எடுப்பதுண்டு. பெண்களுக்குச் சினைப்பைக் கட்டியும், கருக்குழாயில் தங்கிய கருவும் இதே இடத்தில் இதே போன்ற வலியைத் தருமாதலால், அவர்கள் விஷயத்தில் ஸ்கேனின் உதவி பெரிது.

அதே 1986இல் மருத்துவர் அல்வராடோ, இயந்திரப் படம் எதுவுமின்றி 10 மதிப்பெண் கொண்ட ஒரு கணக்கை வகுத்தார். வலி இடம் மாறியதா, பசி அற்றுப்போனதா, குமட்டல் உண்டா, காய்ச்சல் உண்டா, கையால் அழுத்தினால் வலிக்கிறதா, அழுத்திய கையை எடுக்கும்போது வலிக்கிறதா, இரத்தத்தில் வெள்ளணுக்கள் கூடியுள்ளனவா என்பன போன்றவை அதன் வினாக்கள். பெரும்பாலானவை ஒரு தாய் தன் பிள்ளையிடம் கேட்கக்கூடியவைதாம்.

எங்கள் மாணவரைப் பரிசோதித்த வயதான அறுவை மருத்துவரும் அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, வயிற்றில் மீண்டும் கை வைத்துப் பார்த்தார். "மாலை வரை இங்கேயே இருக்கட்டும்" என்றார். தந்தைக்கு அது பிடிக்கவில்லை. படுக்கைக் கட்டணத்துக்காகச் சொல்கிறார் என்று என் காதில் முணுமுணுத்தார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்த எண்ணம் ஒரு கணம் எழுந்தது. மாலையில் வெள்ளணுக்கள் காலையைவிடக் கூடியிருந்தன. மறுபடி எடுத்த ஸ்கேனில் தடித்த குடல்வால் தெரிந்தது. இரவே அறுவை சிகிச்சை நடந்தது. காலையில் ஊருக்கு அழைத்துப் போயிருந்தால் அது வெடித்துச் சீழ் வயிற்றினுள் பரவியிருக்கக்கூடும் என்று மருத்துவர் பின்னர் சொன்னபோது, அந்தத் தந்தை என் கையைப் பற்றிக்கொண்டார், பேசவில்லை.

எனவே அறிக்கை கைக்கு வந்ததும் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: "குடல்வாலைப் பார்த்தீர்களா, பார்க்க முடியவில்லையா?" வீட்டுக்கு அனுப்பினால், எத்தனை மணி நேரம் கழித்து மீண்டும் வரவேண்டும், எந்த அறிகுறி தோன்றினால் உடனே வரவேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வயிறு சுத்தமாகட்டும் என்று விளக்கெண்ணெயோ பேதி மருந்தோ கொடுத்துவிடாதீர்கள். அழற்சியுற்ற குடல்வால் அதனால் வெடித்துவிடலாம். வலி சட்டென்று நின்றுபோய், சிறிது நேரத்தில் வயிறு முழுவதும் பரவி, காய்ச்சலும் ஏறினால், நள்ளிரவானாலும் விடியட்டும் என்று காத்திராமல் புறப்பட்டுவிடுங்கள்.