எரிவது கீழே, மாள்வது மேலே!

தில்லியில் 'உபஹார்' என்று ஒரு படக்கொட்டகை இருந்தது. அன்பளிப்பு என்று பொருள்படும் பெயர். 1997ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் அங்கே படம் பார்க்கப் போனவர்களில் 59 பேர் வீடு திரும்பவில்லை. தீ எங்கே பிடித்தது? திரையிலா? படம் ஓட்டும் அறையிலா? இல்லை, தரைத்தளத்தில் வண்டி நிறுத்தும் இடத்தில்! அங்கே வைக்கப்பட்டிருந்த மின்மாற்றி அன்று காலையே ஒரு முறை தீப்பிடித்தது. அவசர அவசரமாகப் பழுது பார்த்தார்கள். மாலையில் அது மறுபடி எரிந்தது. ஒழுகிய எண்ணெயில் பிடித்த தீ வரிசையாக நின்ற கார்களைப் பற்றிக்கொண்டது. புகை படிக்கட்டைப் பிடித்து மேலே ஏறியது. பால்கனியில் இருந்தவர்கள் வெந்து சாகவில்லை, மூச்சு முட்டிச் செத்தார்கள்.

வழக்கு நடந்தது, நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. கொட்டகையின் உரிமையாளர் இருவரும் ஆளுக்கு 30 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்று உச்சநீதிமன்றம் சொன்னது 2015இல். பதினெட்டு ஆண்டுகள்! அன்று பிறந்த குழந்தைக்கு ஓட்டுரிமையே வந்துவிட்டது.

இனியாவது பாடம் படித்தார்களா என்றால், அதுதான் இல்லை. 2022 செப்டம்பரில் செகந்திராபாத்தில் கீழே மின்சார ஸ்கூட்டர் விற்பனைக் கூடம், மேலே தங்கும் விடுதி. கீழே எரிந்தது, மேலே தங்கியிருந்தவர்களில் 8 பேர் மாண்டார்கள். 2023 நவம்பர் 13 அன்று ஐதராபாத் நாம்பள்ளியில் கீழே வண்டி நிறுத்துமிடம், அதிலேயே இரசாயனப் பீப்பாய்கள், மேலே குடும்பங்கள் குடியிருக்கும் வீடுகள். கீழே ஒரு காரைப் பழுது பார்க்கும்போது பறந்த பொறி பீப்பாய்களில் பட்டது என்று முதல் தகவல்கள் கூறின. மாண்டவர் 9 பேர்.

மூன்று ஊர் நிகழ்ச்சிகளும் ஒரே கதையைத்தான் சொல்கின்றன. எரிவது கீழே, மாள்வது மேலே. வண்டிக்காரனின் வண்டிக்குக் காப்பீடு உண்டு; மாடியில் உறங்கியவனுக்கு என்ன உண்டு? அவனுக்கு அந்த வண்டியே சொந்தமில்லை!

ஆகவேதான் சொல்கிறோம்: வண்டிக் கொட்டகையின் தீ விதி என்பது வண்டியைக் காக்கும் விதி அன்று. அது மனிதனைக் காக்கும் விதி. முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'தீயணைப்புக் கருவி எத்தனை தொங்குகிறது?' என்பதல்ல. 'கீழே எழும் புகை எந்த வழியாகப் போகும்? மேலே இருப்பவன் எந்த வழியாக இறங்குவான்? இரண்டும் ஒரே படிக்கட்டா?' என்பதுதான். வண்டித் தளத்துக்கும் படிக்கட்டுக்கும் நடுவே தீயைத் தாங்கும் கதவு வேண்டும். அந்தக் கதவு மூடியிருக்க வேண்டும். 'காற்று வரட்டும்' என்று செங்கல்லை முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்திருக்கும் கதவுகள் எத்தனை என்பதைத் தோழர்கள் தத்தம் தெருவிலேயே பார்க்கலாம்.

விதி இல்லாமலா போயிற்று? 2016இல் வெளிவந்த தேசியக் கட்டடத் தொகுப்பு, வண்டி நிறுத்தும் அடித்தளத்துக்குத் தானே நீர் தெளிக்கும் குழாய் அமைப்பு வேண்டும் என்கிறது; புகையை வெளியேற்றும் விசிறிகள் தீ நேரத்தில் மணிக்கு 12 முறை காற்றை மாற்றும் வலு உள்ளவையாக இருக்க வேண்டும் என்கிறது. நல்ல விதிகள்தாம். அனுமதி வாங்கும் அன்று குழாய் இருக்கும், விசிறி சுழலும். மறுநாள்? அந்த விசிறிக்கு நடுவிலேயே பழைய மெத்தையும் அட்டைப் பெட்டியும் அடுக்கிவிடுவார்கள்.

இது நம் நாட்டு நோய் மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். 2024 ஆகஸ்ட் முதல் நாள் தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில், அடுக்குமாடிக் குடியிருப்பின் நிலத்தடிக் கொட்டகையில் நின்றிருந்த மின்சாரக் கார் ஒன்று எரிந்தது. அங்கே நீர் தெளிக்கும் அமைப்பு இருந்தது, எச்சரிக்கை மணியும் ஒலித்தது. பணியில் இருந்த ஊழியர், பழுதான மணி என்று நினைத்தாரோ என்னவோ, நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டார். தண்ணீர் வரவில்லை. சுமார் எட்டு மணி நேரம் எரிந்தது. கருவி மட்டும் இருந்து என்ன பயன்? அதை இயக்குகிறவனுக்குப் பயிற்சியும், பயிற்சிக்கு ஊதியமும், தவறான மணிக்கு அதட்டல் வாங்காத உரிமையும் வேண்டாமா?

இனி, கட்டடத்தை விட்டுப் பட்டறைக்கு வருவோம். நம் வாசகர்களில் பலர் அங்கேதான் நிற்கிறார்கள்.

பெட்ரோலின் குணம் அங்கே வேலை செய்கிறவனுக்குத் தெரியும். ஆனால் முழுவதும் சொல்லிக் கொடுத்தவர் இல்லை. உறைபனிக்கும் கீழே ஏறத்தாழ 40 பாகைக் குளிரிலும் தீப்பற்றக்கூடிய ஆவியை விடும் பொருள் அது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் கேட்கவா வேண்டும்! அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே பறந்து போகாது. தரையோடு தவழ்ந்து பள்ளத்தைத் தேடும். பட்டறையில் பள்ளம் எது? வண்டியின் அடியில் நின்று வேலை பார்க்கத் தோண்டிய குழிதான். ஆவி சேருகிற அதே குழியில்தான் நம் தோழன் நிற்கிறான், கையில் ஒயர் உரிந்த விளக்கோடு. பல்பு உடைந்தால் போதும்.

காலி டாங்கி பற்ற வைக்கப் பாதுகாப்பானது என்று நினைப்போர் இன்னும் உண்டு. நிறைந்த டாங்கியைவிடக் காலி டாங்கிதான் பெரிய எமன். உள்ளே எண்ணெய் இல்லை, ஆனால் ஆவியும் காற்றும் கலந்து நிற்கின்றன. வெல்டிங் பொறி பட்டால் அது வெடிகுண்டு. நன்றாகக் கழுவி ஆவி போக்காமல் அதில் பற்றவைப்பைத் தொடக்கூடாது. பெட்ரோல் தீயில் தண்ணீரை ஊற்றினால் எண்ணெய் மிதந்து தீ பரவும். நுரையோ உலர்ந்த பொடியோ மணலோதான் வேண்டும். வாளி மணல் என்ன விலை? அதற்குமா வக்கில்லை?

1934ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டம், விற்பனைக்கல்லாத பெட்ரோல் 30 லிட்டருக்கு மேல் இல்லையென்றால் உரிமம் வேண்டாம் என்கிறது. ஆனால் எதில் வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கண்ணாடி, பீங்கான் என்றால் ஒரு லிட்டருக்கு மேற்படாத கலம். உலோகம் என்றால் 25 லிட்டருக்கு மேற்படாதது. வாய் இறுக மூடியிருக்க வேண்டும். நம் பட்டறைகளில் வெட்டிய பிளாஸ்டிக் கேனில் பெட்ரோலை ஊற்றிப் பல்சக்கரம் கழுவுகிறான் பதினாறு வயதுப் பையன். பக்கத்தில் பேட்டரிக்கு மின்னேற்றம் நடக்கிறது. சட்டம் எழுதி ஒரு நூற்றாண்டை நெருங்குகிறது. அந்தப் பையனிடம் அதைப் படித்துக் காட்டியவர் யார்?

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் 36ஏ என்றொரு பிரிவு இருந்தது. குழி, தொட்டி போன்ற அடைபட்ட இடங்களில், தக்க பாதுகாப்பு இல்லாவிட்டால், 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட கைவிளக்கு கூடாது. தீப்பற்றும் ஆவி இருக்கக்கூடும் என்றால் தீ புகாத விளக்கு தவிர வேறு கூடாது என்றது அது. பழுது பார்த்தலும் உற்பத்தி வேலைதான் என்றும் அச்சட்டம் ஏற்றது. குறை என்ன? மின்விசை கொண்டு நடக்கும் இடமானால் 10 தொழிலாளர் இருந்தால்தான் தொழிற்சாலை. நான்கு பேர் வேலை செய்யும் பட்டறை அப்போதே கணக்கில் இல்லை. இப்போது? 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்புத் தொகுப்பில் அந்தப் பத்து இருபதாகிவிட்டது! வேலியை உள்ளே தள்ளிக் கட்டிவிட்டு, வெளியே நிற்கிறவனைப் பார்த்து 'உனக்குக் காவல் உண்டு' என்கிறார்கள். 19 பேர் இருந்தால் குழியில் ஆவி சேராதா? இதைக் கேட்கிறோம், பதில் வரும்வரை கேட்போம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்காவது தீ விபத்து நடந்தால், மறுவாரம் அதிகாரிகள் கிளம்புவார்கள். எங்கே போவார்கள்? வணிக வளாகத்தின் மூன்றடுக்கு அடித்தளத்துக்கா? சாலையோர மெக்கானிக் கொட்டகைக்குத்தான். சீல் வைப்பார்கள், படம் எடுப்பார்கள். நான்கு குடும்பத்தின் அடுப்பு அணையும். தீயை அணைக்கச் சொன்னால் அடுப்பையா அணைப்பது? பட்டறை வைத்திருக்கும் எளிய தோழனிடமும் நமக்குச் சொல்ல வேண்டியது உண்டு: 'ஏழை' என்பது பையனைக் கொளுத்திக்கொள்ள உரிமம் ஆகாது. ஆனால் அவனுக்கு வேண்டியது சீல் அன்று. மாநகராட்சியே பாதி விலையில் தீயணைப்புக் கருவியும், மூடியுள்ள உலோகக் கலமும், குழிக்குக் குறைந்த அழுத்த விளக்கும் கொடுக்கட்டும். ஆறு மாதம் தவணை கொடுக்கட்டும். பிறகு சோதனைக்கு வரட்டும்.

வீட்டுக் கொட்டகையையும் விட்டுவிட முடியாது. 2022 மார்ச்சில் நம் வேலூரில், இரவில் மின்னேற்றத்துக்கு விட்டிருந்த மின்சார வண்டி எரிந்து, தந்தையும் மகளும் புகையில் மூச்சடைத்து இறந்தார்கள். வீட்டுக்குள் நுழையும் ஒரே வாயிலில் வண்டியை நிறுத்தி மின்னேற்றுவது நம் வழக்கமாகிவிட்டது. வேறு இடம் எங்கே என்பீர்கள். நியாயமான கேள்வி. ஒண்டுக் குடித்தன வீட்டுக்காரனுக்குத் தனிக் கொட்டகை ஏது? அதனால்தான் தெருவுக்கொரு பொது மின்னேற்று இடம் வேண்டும் என்று கேட்கிறோம்; அது வரும்வரை, உறங்கும் நேரத்தில் மின்னேற்றாதீர்கள், வாயிலை அடைத்து நிறுத்தாதீர்கள்.

அடித்தளக் காவலாளியை யாரும் பேசுவதில்லை. பகல் முழுதும் வண்டிப் புகையைக் குடித்துவிட்டு, இரவில் அங்கேயே, தூணோரம் பாய் விரித்துப் படுக்கிறார் அறுபதைத் தாண்டிய பெரியவர். தீ என்றால் முதல் புகை அவருடைய மூச்சில்தான். சங்கத் தோழர்கள் இந்த வாரமே தத்தம் வட்டாரத்தில் போய்ப் பார்க்கட்டும். எத்தனை பேர் இப்படிப் படுக்கிறார்கள் என்று பட்டியல் எடுத்து மாநகராட்சியிடமும் தீயணைப்பு நிலையத்திடமும் கொடுக்கட்டும். குடியிருப்புச் சங்கங்கள் அவருக்குத் தரைமட்டத்தில், வெளிக்கதவின் ஓரம், ஒரு கட்டில் போட இடம் ஒதுக்கட்டும். ஒரு கார் நிற்கும் இடத்தில் பாதிகூட ஆகாது.